அறுபது டாக்ட்

வெள்ளி இரவு, ஹனோவர்

நாளை கச்சேரி. ஓர் அமெரிக்கரின் நவீன சிம்பொனி. மூன்றாம் பகுதியில் நான் அறுபது டாக்ட், ஜெர்மன்காரர் சொல்லும் தாளக் கட்டம், எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பிறகு பெரிய முரசில் ஒரே ஓர் அடி. இன்று ஒத்திகையில் ஐந்து டாக்ட் முந்தியே அடித்துவிட்டேன். வயலின்கள் மெல்ல இழைந்துகொண்டிருந்த இடம் அது. இசை நடத்துநர் திட்டவில்லை. என்னைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். என் தகுதிகாண் ஆண்டு இந்த மாதம் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா என்று இசைக்குழுவே வாக்களிக்கும்.

பிழை எங்கே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. பயத்தில் என் விரல்கள் செபமாலை உருட்டியிருக்கின்றன. ஒவ்வொரு பத்துச் சிறு மணிக்கும் பிறகு வரும் பெரிய மணியையும் ஒரு டாக்டாகச் சேர்த்து எண்ணியிருக்கிறேன். ஐந்து பெரிய மணி, இசையில் இல்லாத ஐந்து டாக்ட்.

சற்றுமுன் அம்மா அழைத்தார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதை பிள்ளை. உனக்கு நேர் எதிர இருக்கிற மாடத்தில சீட் கிடைச்சிட்டுது. நீ அடிக்கிற மட்டும் நான் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அம்மா" என்றேன்.

நான் நிற்கும் இடத்திலிருந்து அந்த மாடம் நன்றாகத் தெரியும். அம்மாவின் விரல்களும் தெரியும்.