கேஸை விடச் சொல்லி வந்தவர்

அக்கா,

குக்கரில் சாதம், அடுப்பு மேல் ரசம். நீ குக்கர் குண்டுவெடிப்பு கேஸில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக ஆஜராவது தெரிந்ததிலிருந்து நம் குக்கர் விசில் அடித்தாலே எதிர் வீட்டு உஷா ஆன்ட்டி வாசலில் வந்து நிற்கிறார். அதனால் இரண்டு விசிலோடு நிறுத்திவிட்டேன். சாதம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

நீ கிளம்பியதும் பிரேசர் டவுனிலிருந்து உன் கட்சிக்காரர் ஜாஃபரின் அம்மா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மேடத்தைக் கேஸை விட்டுடச் சொல்லுங்க தம்பி. கோர்ட் கேன்டீன்ல ஒரு வக்கீலும் அவங்க பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. தனியா சாப்பிடுறாங்க. எங்களால அவங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

நேற்று ராத்திரி நானும் கேஸை விடு என்றுதான் கத்தினேன். டிவியில் முகம் வரத்தான் எடுத்தாய் என்றேன். ஜாஃபர் செய்தானா இல்லையா என்று கோர்ட் சொல்லட்டும், அதுவரை அவன் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும் என்றாய். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். கேன்டீன் விஷயத்தை நீ சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் காலேஜ் நாடகத்தில் ஒரு காட்சியாக்கியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

"எங்க அக்கா விடமாட்டா" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் போன் போட்டு மாற்றிச் சொல்லிவிடு.

ஸ்கூட்டர் சாவி டிவி மேல். ரிகர்சல், வர லேட்டாகும்.

ஹரி

பி.கு.: நாளை மதியம் எனக்குக் கிளாஸ் இல்லை. அந்தக் கேன்டீனில் வக்கீல் அல்லாதவர்களும் உட்காரலாமா?