பாதியில் அணைந்த கம்ப்யூட்டர்

ஹப்சிகுடா
12 மே 2006

அன்புள்ள ரிஸ்வானாவுக்கு,

ஸலாம். தலைசுற்றல் குறைந்ததா? உம்மா, வாப்பா சுகம்தானே? நான் நலம். நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெப்கேமில் பேசும்போது நான் லைனை வெட்டவில்லை. “பிரசவத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?” என்று நீ கேட்ட நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. உள்ளே ஃபேன் ஓய்ந்துபோய், இந்த வெயிலில் பிராசஸர் கொதித்துவிட்டது. வேறொன்றுமில்லை.

நேற்று புது ஃபேனும், பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கும் வாங்கப் போனேன். பெரியதாக ஒன்றை எடுத்தேன். “வோ நக்கோ பாய், டப்பா பந்த் நை ஹோத்தா” என்றார் கடைக்காரர், இந்த ஊர் உருதுவில். அது வேண்டாம், பெட்டி மூடாதாம். அடியில் செம்பு வைத்த சிறியதை வாங்கினேன்.

பிராசஸர் மேல் காய்ந்திருந்த, சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை ஒரு பொட்டு வைத்து, ஹீட்சிங்கை இறக்கிக் கொக்கியை அழுத்தினேன். போர்டே வளைந்தது. ‘மடக்’கென்று ஒரு சத்தம். எல்லாம் போச்சு என்று குனிந்து பார்த்தேன். கொக்கி மாட்டிய சத்தம்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு, திரையில் சூட்டு அளவையே பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைத் தாண்டவில்லை.

உன் பழைய துப்பட்டா ஒன்று அனுப்பு, கம்ப்யூட்டரைத் தூசி படாமல் மூட வேண்டும். துவைக்காததாக இருந்தாலும் சரி.

உன்னிடம் மறைக்கக் கூடாது. அன்று திரை இருண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மேனேஜரிடம் லீவு கேட்கவே இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று கேட்கிறேன்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்தபின் வரும் ஞாயிறு பத்து மணிக்கு அதே கேள்வியைக் கேள். இனி பாதியில் அணைந்தால், அணைத்தது நான்தான்.

தாவூது