விரித்த கைப் படம்

பொம்மனஹள்ளி,
14.7.2003

ஜூடித்துக்கு,

மரகதம் எழுதுவது. முன்னால் 'அன்புள்ள' போட இன்றைக்குக் கை வரவில்லை. நேரில் வந்து கேட்டிருப்பேன். உன் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்திவிடுவான். நிறுத்தாவிட்டால் உள்ளே வந்து நான் கத்திவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கார்மெண்ட்ஸில் லைனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் வேலை செய்யும். உன் கம்பெனி செய்தது, நீ செய்தது. திரையில் ஆறு படம், மருந்துக்குக்கூட ஓர் எழுத்து கிடையாது. ஸ்பேனரைத் தொட்டால் மெக்கானிக் வருகிறான், அது புரிந்தது. பக்கத்தில் விரித்த கை ஒன்று வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்து நாங்கள் என்ன நினைப்போம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

இங்கே பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் சுனில் தலையாட்டினால் போகலாம். பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் தூக்கிய அதே கைதான். என் பக்கத்து மிஷின் ராஜலக்ஷ்மிக்கு இது ஏழாம் மாதம், அடிக்கடி போயாக வேண்டும். போன வாரம் சுனில் கண்ணில் படாததால் கைப் படத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒரே நாளில் மூன்று முறை. மூன்று முறையும் லைனில் நாற்பது மிஷினும் நின்றன. நாங்கள் கரண்ட் போய்விட்டது என்று சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சுனில் ஓடி வந்தான். "யாரு லைன் நிப்பாட்டுனது?" ராஜலக்ஷ்மி எழுந்து, "கை தூக்குனேன் சார், பாத்ரூமுக்கு" என்றாள். யார் கேட்டார்கள்? வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தாள் என்று எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பிரசவ லீவு கேட்க வேண்டியவள் கேட்டுக்கு வெளியே நின்று அழுகிறாள்.

"படத்துக்குக் கீழ ரெண்டு எழுத்து போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா சார்?" என்று நான் கேட்டேன். சுனில் சிரித்தான். "உங்களுக்குப் படிக்க வராதுன்னு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களே எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. அதான் படம்."

யாரடி எழுதிக் கொடுத்தது?

தப்பு அந்தப் படத்தில்தான், ராஜலக்ஷ்மியிடம் இல்லை என்று எங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுது. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

மரகதம்

லிங்கராஜபுரம்,
23.7.2003

அன்புள்ள மரகதத்துக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுகிறேன். அம்மா உன்னை மிகவும் விசாரித்தாள். ராஜலக்ஷ்மி விஷயம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்களை மட்டம் தட்டவா நான் இதைச் செய்தேன்? உங்கள் கம்பெனியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் பேசுகிறார்கள். எதில் எழுதுவது? நாலும் எழுதினால் அந்தச் சின்னத் திரையில் இடம் ஏது? படம் எல்லோருக்கும் பொது. விரித்த கை என்றால் 'நிறுத்து'. டிராபிக் போலீஸ் காட்டுவதில்லையா?

பார்க்காமலும் செய்யவில்லை. ஏப்ரலில் நானும் என் மேலதிகாரி டெஸ்மண்டும் வந்து ஆறு பேரிடம் கேட்டோம். மூன்று பேர் படித்தார்கள், மூன்று பேர் படிக்கவில்லை. அந்த மூன்று பேரில் நீயும் ஒருத்தி. தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்த தாளை உன் முன்னால் வைத்தேன், நீ வாயே திறக்கவில்லை. டெஸ்மண்ட் பக்கத்தில் நிற்கும்போது நான் என்ன செய்ய முடியும்? 'ஐந்தாம் எண், படிக்கத் தெரியாது' என்று எழுதினேன். நீ ஒருத்தி படித்திருந்தால் எழுத்துதான் வந்திருக்கும். இப்போது என்மேல் பாய்கிறாய்.

நீ சொல்கிறபடி கடிதம் எழுதினால் இந்த ப்ராஜெக்ட் என் கையை விட்டுப் போகும். வேலையே போனாலும் போகும். என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

உன்
ஜூடித்

பொம்மனஹள்ளி,
27.7.2003

ஜூடித்துக்கு,

யோசித்துப் பார்த்தேன். இன்னும் கோபம்தான் வருகிறது.

ஏப்ரலில் நடந்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றிருந்தேன். நீயே கிளறிவிட்டாய். உன்னைப் பார்த்ததும் மிஷினை விட்டு எழுந்துவிட்டேன். ராஜலக்ஷ்மியிடம், "எங்க தங்கவயல் பொண்ணு, எங்கூடப் படிச்சவ" என்று பெருமையாகச் சொன்னேன். நீ என் முகத்தை நன்றாகப் பார்த்தாய். பிறகு டெஸ்மண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் கன்னடத்தில் கேட்டாய்: "நிம்ம ஹெசரேனு?"

என் பெயரைக் கேட்டாய், ஜூடித். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் பெயர் என்ன என்று கேட்டாய். பெயரையே தெரியாதவளுக்கு நான் எதைப் படித்துக் காட்டுவது? அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒன்பதாவதில் நீ மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது உன் நோட்டெல்லாம் எழுதியது யார்? அது இன்னும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று உன் அம்மாவே ஒரு தடவை சொன்னார்கள். எடுத்துப் பார். பார்த்துவிட்டு எனக்குப் படிக்கத் தெரியாது என்று இன்னொரு முறை எழுது.

என் கதை கிடக்கட்டும். ராஜலக்ஷ்மிக்காக எழுதுவாயா, மாட்டாயா? இரண்டில் ஒன்று சொல்.

மரகதம்

லிங்கராஜபுரம்,
11.8.2003

அன்புள்ள மரகதத்துக்கு,

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன், நகல் இத்துடன் இருக்கிறது. டெஸ்மண்ட் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகட்டும். படங்களுக்குக் கீழே தமிழும் கன்னடமும் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். தெலுங்கும் உருதும் அடுத்து வருமாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் உன்னைப் பார்க்க வரட்டுமா? அம்மாவும் வருகிறேன் என்கிறாள். நீ எழுதினால் வருகிறோம்.

உன்
ஜூடித்

பொம்மனஹள்ளி,
8.9.2003

ஜூடித்துக்கு,

ராஜலக்ஷ்மியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வந்த முதல் நாளே லீவு எழுதிக் கொடுத்தாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

எழுத்தும் வந்துவிட்டது. கைக்குக் கீழே 'லைனை நிறுத்து' என்று இருக்கிறது. லைனில் எல்லோரையும் நிற்க வைத்து, ஆறு படத்து எழுத்தையும் உரக்கப் படிக்கும்படி சுனில் என்னிடம்தான் சொன்னான். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை படித்தேன். தெலுங்குக்காரிகளுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன்.

நீ அனுப்பிய நகலையும் படித்தேன். ஆங்கிலம்தான், பத்தாவது பாஸ் செய்த ஆங்கிலம் அதற்குப் போதும். படம் தப்பு என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய், இல்லையென்று சொல்லமாட்டேன். உன் பெயர் இருக்கிறது, டெஸ்மண்ட் பெயர் இருக்கிறது, ராஜலக்ஷ்மி பெயர் இருக்கிறது. நான் மட்டும் அதிலும் ஐந்தாம் எண். 'ஐந்தாம் எண் தொழிலாளிக்குப் படிக்கத் தெரியும் என்று பின்னர் தெரியவந்தது' என்கிறாய். பின்னராம். அவள் என்னோடு படித்தவள், எனக்குத் தெரிந்தவள் என்று எழுத ஒரு வரி கிடைக்கவில்லை உனக்கு. திரை சின்னது, இடமில்லை என்றாய். இது முழுத் தாள், கீழே பாதி வெறுமையாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வராதே. அம்மாவை மட்டும் கேட்டதாகச் சொல். அந்த நோட்டு இனி உனக்கு எதற்கு? அதை அம்மாவிடமே கொடுத்துவிடு.

ஏப்ரலில் நீ ஒன்று கேட்டாய், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

என் பெயர் மரகதம்.