கிதாரு சாவியை நான் திருகல

என் அருமை மச்சான் தயாளனுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கிதாரு சாவியை, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற அந்தச் சாவியை, நான் திருகல. நீ உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன். சிரிச்சுக்கினே சொன்னேன், அதனால் நீ நம்பவில்லை. இப்போது சிரிக்காமல் சொல்கிறேன், கேட்டுக்கோ.

உன் கம்பெனி சங்கத்துக்காரர்கள் உன் நினைவாக மலர்ப் புத்தகம் போடுகிறார்களாம். "தங்கச்சி புருஷனாச்சே, நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க ஏழுமல" என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காட்டுக்கே ஆள் வந்துவிட்டது. மூணாங் கிளாசோடு படகு ஏறினவன் நான். உன்மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு நல்லதா எழுது என்றால் எப்படி எழுதுவேன்?

படிக்கிறவங்களுக்குப் புரியணும் இல்ல, அதனால் உனக்குத் தெரிஞ்ச கதையையே கொஞ்சம் சொல்றேன், பொறுத்துக்கோ.

மூர் மார்க்கெட்டில் அட்டை இல்லாத ஒரு இங்கிலீஷ் ரிக்கார்டு வாங்கி வந்தாய். வெள்ளைக்காரன் ஊர் நாட்டுப் பாட்டுதான், பின்னால் டிரம்ஸ் போட்டு அடித்திருந்தான். அதில் ஒரு கிதாரு வரும். கோயில் மணியை நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டின மாதிரி இருக்கும். "ஆறு கம்பி இப்படிப் பேசாது மச்சான், இது பன்னெண்டு" என்று கண்டுபிடித்தது நீதான். தடிச்ச கம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிசு கம்பி, அதே சுரத்தை மேலே நின்று பாடுமாம். அதுக்கு மேலும் ஒன்று சொன்னாய். "ஒரே ஆளு ரெண்டு தடவை வாசிச்சு ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டியிருக்கான்."

"நைட் ஷிப்டும் பகல் ஷிப்டும் சேத்துப் பாத்தானா?" என்றேன் நான்.

பன்னெண்டு கம்பி கிதாருக்கு நாம் எங்கே போவது? உன்னிடம் ஆறு, என்னிடம் ஆறு. உன்னுடையதில் தடிச்ச கம்பியெல்லாம், என்னுடையதில் முழுக்க மெல்லிசு. நீ குண்டு, நான் ஒல்லி, கம்பியும் அதேபோல் என்று நான் சொன்னதற்கு என் தங்கச்சி கஸ்தூரி சிரித்தாள். நம்ம கஸ்தூரி சிரிச்சு நீ பார்த்திருக்கியா, நான் வந்தால்தான் சிரிப்பாள்.

எண்ணூரில் கரண்டு எடுக்கிறான், புகை நம்ம தலைமேல் போகுது, புதுவாயலில் உன் வாடகை ஊட்டுக்கு லைன் வரவில்லை. அதனால் டார்ச்சு பேட்டரி செல்லில் ஓடுகிற ரிக்கார்டு பொட்டி. திங்கட்கிழமை உனக்கு வார லீவு. அன்றைக்கு உட்கார்ந்து ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து உன் பாகத்தைப் பிடிப்பாய். மத்த நாள் ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து வந்து என் பாகத்தைப் பிடிப்பேன். அவனவன் வாசிக்கிற நாளில் ரிக்கார்டு ஓடுகிற சுருதிக்கு அவனவன் கிதாரைச் சேர்த்து வைத்துக்கொண்டோம்.

நீ எழுந்ததும் சேர்ந்து வாசித்தால் மட்டும் நாய்ச் சண்டை.

"மறுபடியும் திருகிட்டியா?"

"நான் இன்னாத்துக்கு மச்சான் திருகப் போறேன், எனக்கு வேற வேலை இல்ல?"

"வேற வேலை இருந்தா ஏன் இங்க வந்து பேஜார் பண்ற? நான் குளிக்கப் போன நேரத்துல சாவில கை வெச்சிருக்க."

"பொட்டியப் போடு. ரிக்கார்டு யார் பக்கம்னு பாப்போம்."

போட்டாய். ரிக்கார்டு என் பக்கம் நின்றது. உன் முகம் சுருங்கிப்போனது. "திங்கக்கெழமை சரியா இருக்கிற கிதாரு, நீ வந்தா மட்டும் கெட்டுப் போவுது. கெளம்பு. இனிமே கையக் கட்டிக்கினு வர்றதா இருந்தா வா."

"கையக் கட்டிக்கினு வந்தா வாசிக்கிறது எப்டி?" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது.

உன் கல்யாணத்தன்று செருப்பை வலைக்குள் ஒளித்தது நான்தான். உன் டிபன் டப்பாவில் உயிர் நண்டு வைத்ததும் நான்தான், அதற்கு நீ ஷிப்டு முழுக்கப் பட்டினி கிடந்ததும் தெரியும். இது நான் இல்லை. விளையாடுகிறவன் பொய்யனா மச்சான்?

அப்புறம் உனக்கு மஞ்சக் காமாலை. தழை அரைத்துக் குடித்தால் போதும் என்று படுத்துக்கொண்டாய். எங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கஸ்தூரி கேட்டாளாம். "வேணாம், அவன் வந்து கிண்டல் பண்ணுவான்" என்றாயாம்.

பண்ணியிருப்பேன். பண்ணிக்கினே உன்னை முதுகில் தூக்கிப்போய்ப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் போட்டிருப்பேன். ஒரு கிதாரு சாவிக்காக ஒருத்தன் சாவானா? உன்னைத் தவிர யார் செய்வார்கள்?

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, வழக்கம்போல் பஸ் ஏறி வந்தேன். என் கிதாரையும் எடுத்து வந்தேன், எதுக்கென்று தெரியாது. கஸ்தூரி பொட்டியைப் போட்டாள். நான் என் பாகத்தை ஆரம்பித்தேன். ஒட்டவில்லை. ரிக்கார்டு மேலே நிற்கிறது, நான் சுருதியில் ஒரு கட்டை கீழே கிடக்கிறேன். மேலே போயும் பழிவாங்குறியா என்று உன் படத்தைப் பார்த்து முறைத்தேன். பிறகு ஆணியில் தொங்கின உன் கிதாரை எடுத்துத் தட்டினேன். ரிக்கார்டோடு அப்படியே ஒட்டியது.

"இன்னாம்மா இது, பாட்டு ஓட்டமா ஓடுது?"

"புது செல்லுண்ணா. திங்கக்கெழம புதுசு போடுவாரு, இப்டித்தான் ஓடும்."

"ஞாயித்துக்கெழம?"

"வாரம் பூரா அதே செல்லத்தான அவரு டார்ச்சுல போட்டுக்கினு ஷிப்டுக்குப் போவாரு. ஞாயித்துக்கெழம தேஞ்சு கெடக்கும். வெயில்ல வெச்சு எடுத்துக் குடுப்பேன். சொணங்கி ஓடும். பாட்டோட சுருதியும் எறங்கிடும்."

எனக்கு அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "தெரிஞ்சுக்கினே ஏன் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பாக்கல. 'நீ போய் செல்ல வெயில்ல வெய்யி'ன்னீங்க. வெச்சேன்."

அவளுக்கு நம்ம ரெண்டு பேர் மேலேயும் இருக்கிற கோபத்துக்கு முன்னால் என் கோபம் ஒன்றுமில்லை மச்சான்.

இந்தச் செல் நீ படுப்பதற்கு முன் வாங்கி வைத்ததாம். டார்ச்சு எடுத்துப் போக ஆள் இல்லாததால் தேயவில்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதற்குள் இன்னொன்று உறைத்தது. இத்தனை நாள் தொங்கின கிதாரில் கம்பி இறங்காமல் எப்படி இருக்கும்?

"யாரும் தொடலன்னு உனக்கு யாரு சொன்னாங்க?" என்றாள்.

என் கையிலிருந்து வாங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, உன் பாகத்தை முதலிலிருந்து வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நீ எப்போதும் அவசரப்படுவாயே, அங்கேயும் அதே அவசரம். திங்கட்கிழமைகளில் என் மெல்லிசுக் கம்பிப் பாகத்தை நீ வாயால் பாடிக்கொண்டே, உன் பாகத்தை அவளை வாசிக்கச் சொல்வாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

என் சாவிகளை நானே திருகினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, உன் கிதாருக்காக, மேல்பக்கமாக, ஒரு கட்டை. கம்பி ஒன்று அறுந்தது. மிச்சம் அஞ்சும் அவளுடைய ஆறும் சேர்ந்து மணி மாதிரி அடித்தது. நீ கேட்டிருக்க வேண்டியது. கேட்காமல் போய்விட்டாய், அதுக்குத்தான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். புது செல் நான் வாங்கி வருவேன், வெயில் பக்கமே அவளை அனுப்ப மாட்டேன். சுருதி சேரவில்லை என்றால் அவள் சொல்வதை முதலில் கேட்பேன். உன்மேல் சத்தியம்.

கையக் கட்டிக்காமலே வரப்போகும்,
கஸ்தூரி அண்ணன், உன் மச்சான்
ஏழுமலை