ராணி பாலைக் குடித்தாளா என்று கேட்டீர்களே, லாத்தா

வயிற்றுக்குச் சோறும் காதுக்குக் கதையும் குறையாமல் பார்த்துக்கொண்ட என் மைமூன் லாத்தாவுக்கு,

நீங்கள் மவுத்தாகி நாற்பது நாள் ஆகிவிட்டது. வீட்டில் ஃபாத்திஹா ஓதினார்கள். நெய்ச்சோறு உங்கள் மருமகள் ஜுலைகா ஆக்கினாள். உப்பு கொஞ்சம் குறைவு. நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லும் உரிமை உங்களுக்குத்தான், எனக்கில்லை.

இந்தக் கடிதம் நம் சிம்பாங் ரெங்கம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் வரப்போகிறது. ஊரே படிக்கும். காரியதரிசி நாகலிங்கம் என்னிடம் கேட்டது நாலு வரித் திருத்தம். "மாமி, தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன்னு எழுதுங்க, போதும்" என்றார். செய்த தப்பு நாலு வரிக்குள் அடங்காது. அதோடு அந்தத் தப்பில் பாதி உங்களுடையது. நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே, அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. லாத்தா என்றால் அக்கா. இவர் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். நான் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் பெண்சாதி, இப்போது நாலு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி, அஞ்சாங்கிளாஸ் தேறியவள். வெள்ளிக்கிழமை நம் ஊரில் விடுமுறை. ஆண்கள் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்ததும் லாத்தாவின் அடுப்பங்கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவோம். நான் நாவல் படிப்பேன். மற்றவர்கள் கேட்பார்கள். லாத்தா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்.

இப்போது தப்புக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி ஒரு கட்டு நாவல் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? இந்தியாவில் மாதாமாதம் பகுதி பகுதியாக வெளிவந்தவை. எல்லாமே ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து. நான் வந்து பார்ப்பதற்குள் நீங்கள் அட்டைகளை எல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டீர்கள். அட்டையில் ஒரு பெண் பையனின் தோளில் சாய்ந்திருந்தாளாம். "இதெல்லாம் சமைக்கிற எடத்துல இருந்தா பரக்கத்து நிக்குமா?" என்றீர்கள். அந்த ஆசீர்வாதம், உங்கள் பரக்கத்து, நின்றது. நாவலின் பெயர்தான் போய்விட்டது.

குளுவாங்கில் இருக்கும் சீன பைண்டரிடம் அனுப்பினோம். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பக்க எண் தெரியும். வந்த கட்டில் இரண்டு நாவல் இருந்தது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை இரண்டு இருந்தது, அடுத்தடுத்து வைத்தார். முப்பத்துமூன்று முதல் அறுபத்துநாலு வரை இரண்டு இருந்தது. அதையும் அப்படியே வைத்தார். வேலை சுத்தமான வேலை. சிவப்புத் துணி ஒட்டி, முதுகு பிசகாமல், இந்தக் கை கனம் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது.

அதில் ராணி செண்பகதேவி சுரங்கத்துக்குள் தீவட்டியோடு நடந்துகொண்டே இருக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் சென்னைப் பட்டணத்தில் பி.ஏ. படிக்கிற ராஜகோபால் கடற்கரையில் உட்கார்ந்து பங்கஜத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறான். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். "இது மறுபிறவிக் கதை. அந்த ஜன்மத்து ராஜாதான் இந்த ஜன்மத்தில் ராஜகோபால்" என்றேன்.

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபிறவி எங்கள் பக்கம் கிடையாது என்றீர்கள். கொஞ்ச நேரம் கல் பொறுக்கினீர்கள். பிறகு, "காலேஜுல சரித்திரம் படிக்கிறான்ல? அவன் புத்தகத்துல படிக்கிறதுதான் அந்த ராணி கதை. நடுநடுவுல அவனுக்குப் பொண்ணு நெனப்பு வந்துடுது" என்றீர்கள். அப்படியே நம் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எட்டு வெள்ளிக்கிழமை நாம் அடித்துக்கொண்டோம், லாத்தா. பக்க எண் ஏன் இரண்டிரண்டு தடவை வருகிறது என்று ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்தது. அச்சுக்கூடத்துக்காரன் கவனமில்லாதவன் என்று அவன் தலையில் போட்டுவிட்டு மேலே படித்தேன்.

அதோடு விட்டேனா? வாசகசாலைப் பத்திரிகைக்குப் புதிய நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். "இரண்டு பிறவிகளை ஒரே நூலில் கோத்த அபூர்வ ஆசிரியர்" என்று என் கைப்பட எழுதினேன். நீங்கள் அப்போது படுக்கையில் இருந்தீர்கள். சரித்திரப் பாடம் என்ற உங்கள் கட்சியையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்தப் பெருமை முழுக்க எனக்கே வேண்டும் என்று நினைத்தேன்.

போன மாதம் நாகலிங்கம் சிங்கப்பூர் போய், இரண்டு நாவலையும் தனித்தனிப் புத்தகமாக, அட்டையோடு வாங்கி வந்தார். வாசகசாலை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. அவர் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், "அம்மா, நான் போன ஜன்மத்துல யாரு?" என்று கேட்டார். இப்போது கடைத்தெருவில் நான் நடந்தால் எல்லாருக்கும் போன ஜன்மம் தெரிய வேண்டியிருக்கிறது.

சரி, பிரித்துப் படித்தேன். இப்போதாவது ஒழுங்காக அபிப்பிராயம் சொல்கிறேன்.

காலேஜ் காதல் நாவலில் ராஜகோபால் ஒருநாள்கூட வகுப்புக்குப் போகவில்லை. கடற்கரைக்குப் போகிறான், டிராமில் போகிறான், பங்கஜத்தின் வீட்டு வாசலில் நிற்கிறான். கடைசியில் பி.ஏ.யில் முதல் வகுப்பில் தேறுகிறான். என் பேத்தி சிவகாமி ஏழாம் வகுப்புக்கே விடிவதற்கு முன்னால் எழுந்து படிக்கிறாள். ஆசிரியர் காலேஜுக்கு வெளியே நின்றே எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பெருமூச்சு மட்டும் மூன்று பக்கம். ஆனால் பங்கஜம் கெட்டிக்காரி. அப்பா பார்த்த மாப்பிள்ளையிடம் நேரே போய், எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறாள் பாருங்கள், அந்த ஒரு இடத்துக்காக மன்னிக்கலாம். அவர் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருக்கலாம்.

ராஜ நாவலில் அத்தியாயத்துக்கு ஒரு சுரங்கம். "அலமாக், இன்னொண்ணா?" என்பீர்களே நீங்கள். நம் ஊரில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடுகிறது, இவர்கள் மட்டும் எங்கே தோண்டுகிறார்கள்? மந்திரிக்கு ஒரு கண், ஆனால் சாமியார் வேஷம் போட்டால் அரண்மனையில் ஒருவருக்கும் அடையாளம் தெரிவதில்லை. அவர் ராணியின் பாலில் விஷம் வைக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் கேட்ட கேள்விதான் கேள்வி. "பால் காய்ச்சினவ யாரு? அவ பேரே வரலியே. என் கடையில நாப்பது பேரு சாப்பிடுறாங்க, எந்தச் சட்டியை யாரு தொட்டாங்கன்னு எனக்குத் தெரியும்." கதை எழுதியவருக்கு அடுப்பங்கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, லாத்தா.

இனிமேல் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

ராணி கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோன இடத்தோடு நம் சிவப்புப் புத்தகத்தில் அவள் கதை நின்றுவிட்டது. ராஜ நாவலின் கடைசிப் பகுதி அந்தக் கட்டிலேயே வரவில்லை. அதற்கு மேல் காலேஜ் கல்யாணம்தான். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது நான் புத்தகத்தோடு வந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பொண்ணு பாலக் குடிச்சாளா, மரகதம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன். "குடிக்கல, லாத்தா" என்றேன். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அச்சில் இருப்பதுபோல் வாசித்தேன். ராணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நேரே சமையல்கட்டுக்கு நடந்தாள். அங்கே முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். "இன்னிக்குப் பால் சட்டியைத் தொட்டது யாரு, வரிசையா வந்து சொல்லுங்க" என்றாள். மூன்று நாள் பிற்பகல் இப்படியே போயிற்று. என்னை அறியாமலே அந்த ராணி உங்கள் மாதிரி பேசினாள். ஒரு இடத்தில், சட்டி சரியாகக் கழுவவில்லை என்று மந்திரியின் ஆளைத் திட்டக்கூடச் செய்தாள். நீங்கள் சிரித்தீர்கள். மூன்றாம் நாள், பால் காய்ச்சியவள் வாயைத் திறந்து பெயர் சொல்லப்போகிற நேரத்தில் நீங்கள் கண் அயர்ந்தீர்கள். நாளைக்குச் சொல்வோம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் காலை சேதி வந்துவிட்டது.

அதனால்தான் நாகலிங்கம் கொண்டுவந்த ராஜ நாவலின் கடைசிப் பக்கங்களை மட்டும் நான் பல நாள் பிரிக்கவே இல்லை. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். சாகக் கிடந்தவளிடம் அச்சுப் புத்தகத்தைக் காட்டிப் பொய் சொன்னேனா இல்லையா என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை எல்லாரும் உங்கள் அடுப்பங்கரையில் கூடினோம். ஜுலைகா கூப்பிட்டாள். கண் மங்குகிறது என்று சாக்குச் சொல்லி அந்த ராஜ நாவலைச் சிவகாமி கையில் கொடுத்தேன். பிள்ளை தடுமாறாமல் படித்தாள், ஒரு எழுத்தை விழுங்கவில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் படித்ததைக் கேட்டிருக்க வேண்டாம். ராணி குடித்துவிட்டாள், லாத்தா. அரைப் பக்கத்தில் செத்துப்போனாள். அடுத்த பதினொரு பக்கம் ராஜா அழுகிறார். அழுது முடித்து அவள் தங்கையைக் கட்டிக்கொள்கிறார். பால் காய்ச்சியவளை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பெண்கள் எல்லாரும் ராஜாவைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. மறுபிறவிப் பெருமையை ஊர் பிடுங்கிக்கொண்டது. இதையாவது நானே சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. லாத்தாவிடம் நான் வேறு விதமாகப் படித்தேன், அது புத்தகத்தில் இல்லை, இனிமேல் நான் படிப்பதை நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். சிவகாமி என்னையே பார்த்தாள். அவளுக்கு முன்னால் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

என்னைச் சாச்சி என்று கூப்பிடுகிற ஜுலைகா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "சாச்சி, எங்க மாமிக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க போனப்புறம் மாமி சொன்னாங்க. மரகதம் மூணு நாளா ஒரே பக்கத்தத்தான் புடிச்சிட்டு இருக்கா, திருப்பவே இல்ல, புத்தகத்துல அந்தப் பொண்ணு செத்துருப்பா போலன்னாங்க. நான் கேக்கட்டுமான்னேன். வேணாம், கேட்டா நிறுத்திடுவா, யாரு பேரச் சொல்லப்போறான்னு எனக்குத் தெரியணும்னாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு எழுத்துக்கூடத் தெரியாத நீங்கள், அஞ்சாங்கிளாஸ்காரியைப் படுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படியானால் அந்த மூன்று நாளும் யார் யாருக்குப் பொய் சொன்னது? நான் உங்களை ஏமாற்றினேனா, நீங்கள் என்னை விட்டுப் பிடித்தீர்களா? கோபம் போன பிறகு வந்ததை இங்கே எழுதப்போவதில்லை. ஜுலைகா தேநீர் கொடுத்தாள். அதில் சர்க்கரை சரியாக இருந்தது, அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குள் மற்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் நம்புவதா வேண்டாமா என்று பேசவில்லை. பால் காய்ச்சியவள் யார் பெயரைச் சொன்னாள் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. முதலில் கேட்டது நீங்கள்.

அதனால் நாகலிங்கத்தின் திருத்தத்தை இப்படி எழுதிக்கொள்கிறேன். இரண்டு நாவலை ஒன்று என்று எழுதியது பிழை, ஒத்துக்கொள்கிறேன். இனி அச்சில் உள்ளதைப் படிக்கும்போது பக்கத்தைத் திருப்பித் திருப்பித்தான் படிப்பேன், புரியாத இடத்தில் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டு ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, நீங்கள் கல் பொறுக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, எதிரே நான் உட்காருவேன். கையில் புத்தகம் இருக்காது. அந்தப் பெண் யார் பெயரைச் சொன்னாள், ராணி என்ன செய்தாள் என்று கடைசிவரை உங்களுக்குச் சொல்லி முடிப்பேன். இது என் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மரகதம்
சிம்பாங் ரெங்கம்