இல்-பிசார் துவக்கு

ரொக்ஸ்பரோ,
9.8.1987

யோகராசாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. வராததை எழுதும் பழக்கம் எனக்கில்லை.

நேற்றுக் காலை இரண்டு பொலிசார் எங்கள் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மொன்ட்ரியாலை அடுத்த இல்-பிசார் தீவின் சோளத்தோட்டத்தில் நீ துவக்குடன் பிடிபட்டதாகச் சொன்னார்கள். சென்ற ஆண்டு உணவகச் சமையலறையில் சட்டியால் ஒருவனின் கையை உடைத்துக் குற்றவாளியானவன் நீ. உன்னைச் சிறைக்கு அனுப்பாமல் விட்ட நீதிபதி, ஐந்து ஆண்டுகளுக்குத் துவக்கைத் தொடக்கூடாது என்றும் கட்டளையிட்டிருந்தார். அதை மீறியதுதான் இப்போதைய குற்றச்சாட்டு. உன் அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. இதிலும் குற்றவாளியானால் உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அன்று நீதிமன்றத்தில் உனக்கு மொழிபெயர்த்தவன் நான். ஊரில் இருபத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். என் பக்கத்தில் நின்றவன்தான் இதைச் செய்தான் என்று இனி எல்லோரும் பேசுவார்கள்.

“தம்பிக்கு உடுப்புக் கொண்டுபோய்க் குடுங்கோ” என்கிறாள் உன் அக்கா புஷ்பராணி. தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

க. நகுலேஸ்வரன்

தடுப்புக்காவல்,
16.8.87

அன்புள்ள அத்தானுக்கு,

உடுப்புக் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். அக்காவுக்கு மட்டும் அப்படிச் சொல்லுங்கள்.

துவக்கு என்னுடையதல்ல. தோட்டக்காரக் கிழவனுடையது. கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணி வளை தோண்டிச் சோளத்தைத் தின்கிறது. கிழவன் துவக்கை என் கையில் வைத்து, வளையைக் காட்டி, “பூம், பூம்” என்றான். முதலாளி தந்த மண்வெட்டியை வாங்கியது போல வாங்கினேன்.

அத்தான், கட்டளை ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அன்று நீதிபதி முதலில் இங்கிலிசில் பேசினார், நீங்கள் சொன்னீர்கள். கடைசியில் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். “என்னவாம் அத்தான்?” என்று கேட்டேன். “எல்லாம் முடிஞ்சுது, வா. இனியெண்டாலும் மனிசனாய் இரு” என்றீர்கள். நினைவிருக்கிறதா?

கட்டளை எனக்கு விளக்கப்படவில்லை என்றால் வழக்கு நிற்காது என்கிறார் சட்டத்தரணி. செப்டெம்பர் மூன்றாம் திகதி நீங்கள் வந்து அதைச் சொல்லவேண்டும்.

உங்கள் மைத்துனன்,
யோகராசா

ரொக்ஸ்பரோ,
21.8.1987

யோகராசாவுக்கு,

நான் சொன்னேன். நீ கவனிக்கவில்லை. அன்று உன் கவனமெல்லாம் வெளியே போய் ஒரு சிகரெட் பிடிப்பதில் இருந்தது.

நீ கேட்பது என்னவென்று உனக்குப் புரிகிறதா? இந்நகரில் நம்மவர் எழுபது பேரின் அகதி விண்ணப்பங்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நீதிமன்றத்திலேயே பிழைவிட்டவன் என்று நானே சத்தியம் செய்தால், அந்த எழுபதையும் யார் நம்புவார்கள்? உன் ஒருவனுக்காக அவர்களைப் பணயம் வைக்கச் சொல்கிறாய். முதலில் சட்டியால் அடித்தாய். இப்போது என் பெயரால் அடிக்கிறாய்.

சாட்சிக்கு வரமாட்டேன்.

க. நகுலேஸ்வரன்

தடுப்புக்காவல்,
28.8.87

அத்தானுக்கு,

நேற்று அக்கா இரண்டு பஸ் மாறி வந்து என்னைப் பார்த்தா. நீங்கள் எழுதியதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தா, பிறகுதான் அழுதா.

“அவருக்கெங்கையடா பிரெஞ்சு தெரியும்? தெருமுனைத் தெப்பனேர்க் கடையிலை அந்த மனிசி பிரெஞ்சிலை என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஒருநாள் பூனைச் சாப்பாட்டோடை வந்து நிண்டவர். எங்களிட்டைப் பூனையே இல்லை.”

கட்டளைக் கடதாசி முழுவதும் பிரெஞ்சில்தான், நீங்கள் மடித்து அலுமாரிக்குள் வைத்தபடியே கிடக்கிறதாம். கையோடு கொண்டுவந்தா. இப்போது அது சட்டத்தரணியிடம் இருக்கிறது.

உங்களுக்கு விளங்கவில்லை. அதை வாயால் சொல்லாமலிருக்க என்னை ஆமிக்காரனிடம் அனுப்பச் சம்மதிக்கிறீர்கள். எழுபது பேரின் கதையை வேறு யாருக்காவது சொல்லுங்கள். வராவிட்டால் அக்காவைக் கூண்டில் ஏற்றுவேன். பூனைச் சாப்பாட்டுக் கதையிலிருந்து தொடங்குவா.

யோகராசா

ரொக்ஸ்பரோ,
8.9.1987

யோகராசாவுக்கு,

நீ விடுதலையாகி மொன்ட்ரியால்-நோரில் நண்பர்களோடு தங்கியிருப்பதாக அறிந்தேன். கட்டளை இன்னும் நான்கு ஆண்டுகள் நடைமுறையில் இருக்கும். துவக்கையோ தோட்டாவையோ தொடாதே. இம்முறை தமிழில் எழுதியிருக்கிறேன்.

கூண்டில் நான் சொன்னதை நீயும் கேட்டாய். “நீதிபதி கூறியது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கப்பட்டேன்.” இத்தனை வருடமாக மற்றவர்களின் வாக்குமூலங்களைச் சொன்ன வாய், முதன்முறையாகத் தன் வாக்குமூலத்தைச் சொன்னது. அதைப் பிரெஞ்சில் சொல்ல வேறொருவன் மொழிபெயர்ப்பாளனாக நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். நன்றாகவே செய்தான்.

ஞாயிறன்று அந்த எழுபது பேரில் சிவராசாவும் இன்னும் மூவரும் வந்து தங்கள் விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். “குறை நினையாதேங்கோ ஐயா, ஒருக்கா வேறை ஆளிட்டையும் காட்டிப் பாப்பம்” என்றார் சிவராசா. மரியாதையாகத்தான் சொன்னார்.

நீதிமன்ற வாசலில் நீ கை நீட்டினாய். நான் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அதைச் சொல்லவைத்தவனாக உன்னைப் பார்க்க என்னால் முடியாது. இதில் நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு உன் அக்கா உன்னைச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாள். வா. அவள் இரண்டு நாளாகச் சாமான் வாங்குகிறாள். பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

க. நகுலேஸ்வரன்