ஒரு பெட்டி, இரண்டு புள்ளிப் பல்லிகள்

நோர்வூட், 1976 ஜூன் 7, திங்கள்

சின்னப் பல்லியின் வால் அறுந்துவிட்டது. உறுதியான செய்தி, காலையில் நானே பார்த்தேன். தேயிலைப் பெட்டியின் ஒரு மூலையில் வால் துடித்துக்கொண்டிருந்தது, மறு மூலையில் பல்லி. பெரியது நடுவில், அடுப்பில் சுடவைத்துச் சாக்கில் சுற்றிய செங்கல்லின் மேல் சுகமாகக் கிடந்தது.

பிரித்து வைக்கலாம் என்றேன். என் மனைவி ஐவி கேட்கவில்லை.

ஜூன் 8

தேயிலைத் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்த பிறகு சீமைக்குப் போன அக்கரப்பத்தனைத் துரை, கராச்சியிலிருந்து வாங்கி வளர்த்த பல்லிகள் இவை. மஞ்சள் உடம்பு, சிறுத்தைப் புள்ளி, சாண் நீளம். பங்களா சமையற்காரர் வீரய்யாவிடம் விட்டுப் போனார். வீரய்யாவின் மனைவி ராசம்மா வீட்டுக்குள் சேர்க்கவில்லை. "மேல விழுந்தா தல முழுகணும். இந்தக் குளிர்ல யாரு முழுகுறது?" என்றாளாம். ஐவி வாங்கிக்கொண்டாள்.

இன்றும் அதே வாக்குவாதம்.

"ரெண்டும் எப்பிடி ஒட்டிப் படுத்திருக்குதுங்க, பாருங்க. ஒன்னுக்கொன்னு சூடு குடுக்குது. பிரிச்சா வெறச்சுச் செத்துரும்."

இந்தக் குளிரில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஒட்டிப் படுத்து வளர்ந்தோம்.

"பிரிக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நீங்க வேணாம்."

டயகமவில் இருக்கும் அவள் தங்கை சிசிலியை நினைத்துச் சொல்கிறாள். சிசிலியின் கணவன் பத்திநாதனுக்கு, இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி, இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். ஐவி இங்கேதான்.



ஜூன் 10

சின்னது சாப்பிடவில்லை. வாயருகில் விட்ட வெட்டுக்கிளியையும் பெரியதே பிடித்துத் தின்றது.

ஜூன் 13, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேரிடம் விசாரித்தேன். மருந்துக்கடை லோரன்ஸ் சிரித்தார். "புருசன் பொண்டாட்டின்னா ஒரு அடி விழத்தான் செய்யும். நீங்க ஏன் நடுவுல போறீங்க?" எது புருஷன் என்று கேட்டேன். பெரியதுதானாம். எப்படித் தெரியும்? "பெருசா இருக்கே."

எல்லாரிடமும் கருத்து இருக்கிறது, ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. நிருபரான நான் இப்படி ஒரு செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் ஆசிரியர் கிழித்துப் போட்டிருப்பார்.

சின்னதின் இடுப்பு எலும்பு தெரிகிறது.

ஜூன் 15

வேறு வேலையாக அக்கரப்பத்தனை போனேன். பஸ் நிற்குமிடத்தில் வீரய்யா.

"துரை இதுகளை எப்படி வைத்திருந்தார்?"

"கண்ணாடித் தொட்டியிலங்க. நடுவுல ஒரு கண்ணாடி நிக்கும். அந்தப் பக்கம் ஒன்னு, இந்தப் பக்கம் ஒன்னு."

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே ஐயா. என்னா திங்கும்னு கேட்டீங்க, சொன்னேன்."

நான் கேட்கவில்லைதான். இத்தனை வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவன்.

ஐவியிடம் சொன்னேன். அவள் பதில்: "பங்களாவுல ஆளுக்கொரு ரூம்பு. அது தொரமாரு வழக்கம். நம்ம வீட்டுக்கு எதுக்கு?"

சொன்னா கேக்க மாட்டேங்கிறா. பல்லிக்கு என்னா தெரியும், பங்களாவும் கூலி லயமும்? செத்துப் போனா அழப்போறது யாரு — நானா?

ஜூன் 18

மழை. மத்தியானம் செங்கல் ஆறிப்போயிருந்தது. பெரியது சின்னதின் முதுகில் ஏறிக் கிடந்தது. "பாத்தீங்களா, அணைச்சிக்கிட்டு படுத்திருக்கு" என்றாள்.

தொட்டுப் பார் என்றேன். தயங்கினாள். பிறகு இரண்டின் வயிற்றுக்கடியிலும் விரலை விட்டாள்.

"என்னங்க, சூடே இல்லியே. பச்சத்தண்ணியா இருக்கு."

"அதுக்குச் சொந்தச் சூடு கிடையாது, ஐவி. கல்லு சுட்டாத்தான் அதுவும் சுடும்."

நம்பவில்லை. தானே போய்ச் செங்கல்லைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியது கல்லில் ஏறிக்கொண்டது. சின்னது ஊர்ந்து வந்து ஓரத்தில் காலை வைத்தது. பெரியது திரும்பி அதன் கழுத்தைக் கவ்வி உதறித் தள்ளியது. சின்னது மறுபடி வந்தது. பெரியது மறுபடி கவ்வியது.

ஐவி பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, விறகு போட்டு வைத்திருந்த இன்னொரு தேயிலைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் காலி செய்தாள். சின்னதைத் தூக்கி அதில் விட்டாள்.

ஜூன் 21

இரண்டு பெட்டி, இரண்டு செங்கல். சின்னது கல்லை விட்டு இறங்குவதே இல்லை.

ஜூன் 27, ஞாயிறு

சின்னது நேற்று ஒரு வெட்டுக்கிளி, இன்று இரண்டு. நான் பார்த்தது.

சிசிலி வந்திருந்தாள். பெட்டிகளை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா தனித்தனியா? பாவமில்லியா?"

"பாவந்தான்," என்றாள் ஐவி. "ஆனா திங்குது."

இருவரும் அடுப்படிக்குப் போனார்கள்.

வால் மறுபடி முளைக்குமாம், செப்டெம்பர் ஆகும் என்கிறார் வீரய்யா. சிசிலி குடும்பம் கப்பலேறும் தேதி இன்னும் வரவில்லை. ஆகஸ்டுக்குள் வரும் என்று அரசாங்கக் கச்சேரியில் சொல்லியிருக்கிறார்கள்.